திறந்தால் தாகம், மூடினால் பசி

பாலைவனச் செடி என்றால் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறோம். தண்ணீர் கிடைக்காது, அதனால் சேமிக்கிறது. வெயில் அதிகம், அதனால் இலை முள்ளாகிறது என்று பள்ளிப் பாடம் முடிந்துவிடும். அந்தப் பாடத்தில் விடுபட்டது பசி. இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுப்பதும் அந்தத் துளை வழியாகத்தான். செடியின் உடம்பிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போவதும் அதே துளை வழியாகத்தான். வேறு வாசல் கிடையாது. நெல், கோதுமை போன்ற ஒரு பயிர் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடை வாங்க ஏறக்குறைய 400 மூலக்கூறு தண்ணீரைக் கொடுக்கிறது. துளையை மூடினால் தண்ணீர் மிஞ்சும், சாப்பாடு நின்றுவிடும். திறந்தால் சாப்பாடு உண்டு, தண்ணீர் போய்விடும். வறட்சிக் காலத்தில் ஒரு செடி செய்கிற அத்தனையும் இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற பேரம்தான். படிக்கப் படிக்க அப்படித்தான் எனக்குத் தெரிகிறது.

*

கிரியோசோட் புதர். மொஹாவி, சொனோரா, சிவாவா என்று வட அமெரிக்காவின் வெப்பப் பாலைவனங்கள் மூன்றிலும் மைல் கணக்கில் பரவிக் கிடப்பது. ஆள் உயரம், சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். சின்னச் சின்ன இலைகள்; அவற்றின் மேல் பிசின் பூச்சு. தொட்டால் பிசுபிசுக்கும், நுகர்ந்தால் தார் நெடி. அங்கே மழை வாசனை என்றாலே இந்தப் புதரின் வாசனைதான். மாடு வாய் வைக்காது.

வறண்ட கோடையிலும் இது தன் இலைகளை முழுவதுமாக உதிர்ப்பதில்லை. மண் காயக் காய, எஞ்சிய ஈரத்தை மண்துகள்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிடுங்கச் செடி மேலும் மேலும் பலமாக இழுக்க வேண்டும். நம் பயிர்களில் பெரும்பாலானவை வளிமண்டல அழுத்தத்தைப் போல 15 மடங்கு விசை தேவைப்படும் நிலை வரும்போது இழுக்க முடியாமல் துவண்டுவிடும். கிரியோசோட் 50 மடங்கைத் தாண்டிய பிறகும் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும். காலையில் காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும் சில மணி நேரம் துளைகளைத் திறந்து கிடைத்ததை வாங்கிக்கொண்டு, வெயில் ஏறியதும் ஒடுங்கிவிடும். வறட்சி நீண்டால் முதிர்ந்த இலைகளை விடும். இன்னும் நீண்டால் சிறு கிளைகளை விடும், பிறகு பெருங்கிளைகளையும் விடும். நுனியில் ஒன்றிரண்டு இளம் இலைகளை மட்டும் கடைசிவரை விடாது. இந்தப் பிடிவாதத்துக்கு அது கொடுக்கும் விலை வேகம். இத்தனை இழுவிசையைத் தாங்க உள்ளே ஓடும் நீர்க்குழாய்கள் ஒடுக்கமாகவும் சுவர் தடித்தும் இருக்க வேண்டும். ஒடுங்கிய குழாயில் நீர் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே வளர்ச்சி மிக மந்தம்.

மந்தமாக வளர்கிற இது எவ்வளவு காலம் இருக்கும்? புதரின் நடுப்பகுதி காலப்போக்கில் செத்துப்போகும், ஓரம் வெளிப்புறமாக முளைத்துக்கொண்டே போகும். நூற்றாண்டுகள் கழிந்தால் நடுவே வெறும் மணலும் சுற்றி ஒரு வளையமும் மிஞ்சும். கலிபோர்னியாவின் லூசெர்ன் பள்ளத்தாக்கு அருகே அப்படி ஒரு வளையம் இருக்கிறது, பெயர் 'கிங் குளோன்'. நீளவாக்கில் 20 மீட்டர். வளையத்திலுள்ள புதர்கள் எல்லாம் ஒரே செடியின் தொடர்ச்சி என்று காட்டி, அதன் வயதை ஏறக்குறைய 11,700 ஆண்டு என்று 1980-இல் கணித்தவர் ஃபிராங்க் வாசெக் என்ற தாவரவியலாளர். இன்று அங்கே நிற்கும் எந்தத் தண்டும் அவ்வளவு பழையதல்ல. ஆனால் விதையிலிருந்து மறுபடி தொடங்காமல் ஒரே உயிர் அந்த மண்ணில் வட்டம் போட்டு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பனியுகம் முடிந்து அந்தப் பகுதி பாலையாக மாறிய காலத்தில் முளைத்தது. அதன் பிறகு வந்த எந்த வறட்சியும் அதைக் கொல்லவில்லை.

*

மொஹாவியைப் படத்தில் பார்த்தாலே தெரியும்: புதர்கள் யாரோ அளந்து நட்டதுபோல் இடைவெளி விட்டு நிற்கும். மேலே வெற்றிடம், கீழே வேர்கள் பிரித்துக்கொண்ட நிலம். 1991-இல் புரூஸ் மஹால், ரேகன் கால்லவே என்ற ஆய்வாளர்கள் வேர் தெரியும்படி அமைத்த பெட்டிகளில் செடிகளை வளர்த்து வேர்களின் வளர்ச்சியை அளந்தார்கள். கிரியோசோட் வேர் அருகில் வரும் வேர்களை, தொடாமலேயே, மண்ணில் பரவும் ஏதோ ஒரு பொருளால் மெதுவாக்கியது. பக்கத்தில் வளரும் பர்ரோ புதர் வேறு விதம்: தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் வேரைத் தொட்டதும் தன் வேர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. தன் சொந்த வேரைத் தொட்டால் நிறுத்தவில்லை. தன் வேர் எது, அயல் வேர் எது என்று அதற்குத் தெரிகிறது. அந்த ஆய்வறிக்கையை நான் இரண்டாம் முறையும் நிதானமாகப் படித்தேன்.

*

ஆழம்: அரிசோனாவில் டூசான் அருகே சுரங்கம் தோண்டியபோது மெஸ்கீட் மரத்தின் உயிருள்ள வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. கலஹாரியில் மேய்ப்பர் மரம் என்று சொல்லப்படும் ஒன்றின் வேர் 68 மீட்டர் வரை போயிருக்கிறது. மெஸ்கீட்டுக்குப் பக்கத்திலேயே கள்ளி இனங்கள் ஒரு சாண் ஆழம்கூடப் போகாமல், மேல்மண்ணில் அகலமாக வேரை விரித்து, தூறல் விழுந்தாலும் பிடித்துக்கொள்கின்றன. பாலையில் எது சரியான வேர் என்ற கேள்விக்கே இடமில்லை. ஆழ வேருக்குக் காலம் வேண்டும், மேல்வேருக்கு, பிடித்த நீரைச் சேர்த்து வைக்கத் தொட்டி வேண்டும்.

அந்தத் தொட்டி சகுவாரோ கள்ளி. அதன் உடல் மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்து நீர் ஏறினால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரியும், வறண்டால் சுருங்கும். இருநூறு ஆண்டு வாழக்கூடியது, ஆனால் முதல் 8 ஆண்டில் 4 சென்டிமீட்டர்கூட வளராது. அந்த அளவில் வெயிலில் விட்டால் கருகிப்போகும், குளிரிலும் செத்துப்போகும். ஆகவே பிழைத்த சகுவாரோக்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு மரத்தின் நிழலில் முளைத்தவை. பெரும்பாலும் பாலோ வெர்டே என்கிற மரம். அதன் பட்டையே பச்சை. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு பட்டையிலேயே ஒளிச்சேர்க்கை செய்யும். கள்ளி வளர்ந்து பெரிதான பிறகு அதே நிலத்து நீருக்குப் போட்டி வந்து, நிழல் தந்து தாதியாக இருந்த அந்த மரம் தளர்ந்துபோவதும் உண்டு.

*

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. நம் ஊரில் அது சரியாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம்.

பெஞ்சமின் ஹெய்னே ஜெர்மானியர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர், 1819-இல் சென்னையில் இறந்தவர். ரணகள்ளி இலையை அவர் மென்று பார்த்தார். விடிகாலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. ஒரே செடி, ஒரே இலை, ஒரே நாள். இதை ஒரு கடிதத்தில் எழுதினார். 1815-இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது.

புளிப்புக்கான காரணம் முழுதாகத் தெளிவாக இருபதாம் நூற்றாண்டின் பாதி கடந்துவிட்டது. ரணகள்ளி பகலில் துளைகளை மூடிவிடுகிறது. இரவில், காற்று குளிர்ந்து ஆவியாதல் குறைந்த நேரத்தில் திறக்கிறது. ஆனால் இரவில் வெளிச்சம் இல்லையே, ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கும்? வாங்கிய கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லுக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. விடியும்போது இலை முழுக்க அமிலம், அதனால் புளிப்பு. பகலில் வாசலை மூடிவைத்தபடி அந்த அமிலத்தை உடைத்து, கார்பன் டை ஆக்சைடை உள்ளுக்குள்ளேயே விடுவித்து, வெயிலைக் கொண்டு சர்க்கரையாக்குகிறது. மதியத்துக்குள் புளிப்பு தீர்ந்துவிடும். ஒரு மூலக்கூறுக்கு 400 தண்ணீர் என்ற விலை இதற்கு 50 அளவுக்கு இறங்குகிறது. கள்ளிகள், கற்றாழைகள், அன்னாசி எல்லாம் இந்த வழியில்தான் சாப்பிடுகின்றன. வேலியோரத் திருகுகள்ளி இன்னும் நுட்பம்: அதன் சின்னஞ்சிறு இலைகள் பகலில் திறந்து சாதாரணச் செடிபோல உண்ணும், பச்சைத் தண்டு இரவு வழியில் உண்ணும். மழைக்காலத்தில் இலை, காய்ந்த காலத்தில் தண்டு.

எங்கள் மாடித் தொட்டியில் ரணகள்ளி இருக்கிறது. கல்லடைப்புக்கென்று பாட்டி காலத்திலிருந்து வீட்டில் வளர்ந்து வருவது. ஹெய்னேயைப் படித்த மறுநாள் விடியலில் ஓர் இலை நுனியைக் கிள்ளி மென்று துப்பினேன். புளியாரைக் கீரை அளவுக்குப் புளித்தது. மதியம் அதே கொத்தில் இன்னொன்று, பச்சைத் தண்ணீர். இருநூறு ஆண்டுக்கு முன் இந்த மாகாணத்தில் ஒரு மனிதர் நாக்கில் கண்டது, எந்தக் கருவியும் இல்லாமல், அப்படியே கிடைத்தது. உயிரியல் வாத்தியார்கள் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காமல் தொட்டியில் தொடங்கலாம். (அதிகம் மெல்ல வேண்டாம், அதில் நஞ்சும் உண்டு.)

*

இரவு வாசலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அதைவிட மோசம் இரவுகள்: பல இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. இரவு குளிர்ந்தால்தான் சகுவாரோ துளையைத் திறந்து மூச்சு வாங்க முடியும். திறக்க முடியாத இரவுகள் தொடர்ந்தால் உள்ளே சேமித்த நீர் இருந்தும் உணவு இல்லை. அந்தக் கோடையில் நகரத்துச் சகுவாரோக்களின் கைகள் ஒடிந்து விழுந்தன, சில முழுதாகச் சாய்ந்தன. நகரத்தின் கான்கிரீட் இரவிலும் சூட்டை விடாததால் அவற்றுக்குக் கூடுதல் தண்டனை. பகல் வெப்பத்தைப் பற்றியே நாம் செய்தி படிக்கிறோம். இந்தக் கள்ளியைப் பொறுத்தவரை இரவு வெப்பம்தான் செய்தி.

*

பசியால் சாவதா, தாகத்தால் சாவதா என்பது உண்மையிலேயே ஆராயப்பட்ட கேள்வி. 2002, 2003 ஆண்டுகளில் அமெரிக்கத் தென்மேற்கில் கடும் வறட்சி. நியூ மெக்சிகோவின் வடக்கே ஓர் ஆய்வுத் தளத்தில் பின்யோன் பைன் மரங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் செத்தன. அவற்றோடு கலந்து நின்ற ஜூனிப்பர் மரங்களில் பெரும்பாலானவை பிழைத்தன. ஒரே மண், ஒரே வானம். பின்யோன் எச்சரிக்கையான மரம். மண் காயத் தொடங்கியதும் துளையை மூடி நீரைக் காப்பாற்றிக்கொள்ளும். குறுகிய வறட்சிக்கு அது நல்ல வழி. மாதக்கணக்கில் நீண்டபோது வாசல் மூடியபடியே கையிருப்புச் சர்க்கரை கரைந்தது. பட்டை வண்டு வந்தபோது எதிர்த்துப் பிசின் சுரக்கத் தெம்பில்லை. ஜூனிப்பரின் குழாய்கள் அதிக இழுவிசையைத் தாங்குபவை. அது திறந்து வைத்துக்கொண்டே வறட்சியைக் கடந்தது. உண்மையில் பசியும் தாகமும் தனித்தனியாகக் கொல்வதில்லை, ஒன்று மற்றதற்கு வழிவிடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் சிக்கனமாக இருந்த மரம் செத்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

*

துளையை மூடு என்று இலைக்குச் சொல்பவற்றில் முக்கியமானது எது? வேர். காய்ந்த மண்ணை உணர்ந்த வேர்களிலிருந்து அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் நீரோடு மேலே ஏறி, துளையின் இருபுறமும் இருக்கும் காப்புச் செல்களைத் தளரவைக்கும். துளை மூடிக்கொள்ளும். 1980-களில் இங்கிலாந்தில் செய்த சோதனை ஒன்றில் ஒரே செடியின் வேரில் பாதியை ஈர மண்ணிலும் பாதியைக் காய்ந்த மண்ணிலும் வளர்த்தார்கள். இலைகளுக்குத் தண்ணீர்க் குறை இல்லை. இருந்தும் துளைகள் ஒடுங்கின. தாகம் வருமுன்பே செய்தி வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் இதையே உத்தியாக்கி, கொடியின் ஒருபுறம் மட்டும் மாற்றி மாற்றிப் பாய்ச்சித் தண்ணீரை மிச்சப்படுத்தினார்கள்.

*

வறண்ட செடி ஓசை எழுப்புகிறது. நீர்க்குழாயில் இழுவிசை மிஞ்சினால் நீர்த்தூண் அறுந்து, அந்த இடத்தில் காற்றுக் குமிழி வந்து குழாய் அடைபடும். அறுபடும் கணத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். 1966-இல் ஜான் மில்பர்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும் அதை ஆமணக்கு இலைக்காம்பில் கருவி வைத்துக் கேட்டார்கள். 2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் தக்காளி, புகையிலைச் செடிகளின் மீயொலியைக் காற்றிலேயே பதிவு செய்தார்கள். தண்ணீர் இல்லாத செடி மணிக்கு 30 முதல் 50 முறை சொடுக்கியது. நன்றாக இருக்கும் செடி மணிக்கு ஒரு முறைகூட இல்லை. 'செடி அழுகிறது' என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்கவில்லை. ஒவ்வொரு சொடுக்கும் ஒரு குழாய் போனதற்கான சத்தம் என்று சொன்னாலே போதுமான துயரம் அதில் இருக்கிறது.

*

சில சிறு குறிப்புகள்.

ஒகோட்டியோ: முள் நிறைந்த நீண்ட குச்சிகள். மழை பெய்து ஓரிரு நாளில் குச்சி முழுக்க இலை. மண் காய்ந்ததும் உதிர்த்துவிடும். ஒரே ஆண்டில் பலமுறை இப்படி.

பிரிட்டில் புதர்: வறட்சி கூடக் கூடப் புதிய இலைகளில் வெண்ணிற ரோமம் அடர்ந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். இலை குளிரும், நீர்ச்செலவு குறையும். ஆனால் திருப்பி அனுப்புவது ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தையும் சேர்த்துத்தான். இங்கும் அதே பேரம்.

ஸேஜ் புதர்: ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் எழுதியது. பகலில் வேர் ஆழத்து நீரை இலைக்கு ஏற்றும். இரவில் துளைகள் மூடிய பின்னும் நீர் ஏறி, காய்ந்த மேல்மண்ணுக்குள் கசியும். மறுநாள் அதை மேல்வேர்கள் எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் புல்லுக்கும் அதில் பங்கு போகிறது.

ஓராண்டுப் பூஞ்செடிகள் வறட்சியைச் சந்திப்பதே இல்லை. விதையாகத் தூங்கிக் கடந்துவிடுகின்றன. நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் முளைக்காது. ஒரு பங்கு மண்ணிலேயே கிடக்கும், அந்த மழை ஏமாற்றிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு. டூசானின் டுமமோக் குன்றில் 1903-இல் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தின் நிலத்தில், நூற்றாண்டைக் கடந்த நிரந்தர ஆய்வுக் கட்டங்களும் இப்படிப்பட்ட செடிகளை ஆண்டுதோறும் எண்ணும் கட்டங்களும் உள்ளன. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எண்ணுகிறார். அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

*

மீண்டெழும் செடிகள் முழுக்க வேறு வகை. இவை பேரமே பேசுவதில்லை. தண்ணீரை மொத்தமாக விட்டுவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் மைரோதம்னஸ் என்ற சிறு புதர் தன் நீரில் 95 விழுக்காட்டை இழந்து, இலை மடங்கி, தொட்டால் நொறுங்கும் சருகாக மாதக்கணக்கில் நிற்கும். மழை பெய்தால் ஒரு நாளுக்குள் பச்சை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜில் ஃபாரன்ட் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்தவர். செல்லுக்குள் சர்க்கரைகள் நீரின் இடத்தை நிரப்பி, கண்ணாடிபோல் இறுகி, சவ்வுகளும் புரதங்களும் குலையாமல் பிடித்துவைக்கின்றன. காய்ந்த இலையில் வெயில் பட்டால் பச்சையமே விஷமாகும். ஆகவே சில இனங்கள் இலையை மடித்து மறைக்கின்றன, சில பச்சையத்தையே கலைத்துவிட்டுப் பிறகு புதிதாகக் கட்டுகின்றன.

நெல்மணியும் குதிருக்குள் செய்வது ஏறக்குறைய இதைத்தான். காய்ந்து, உயிரோடு, காத்திருக்கிறது. நெற்பயிரின் இலைக்கு அந்த வித்தை தெரியாது. விதைக்குள் உள்ள அந்த ஏற்பாட்டை மீண்டெழும் செடிகள் இலையிலும் இயக்குகின்றன என்பது ஃபாரன்ட் போன்றோரின் கருத்து. வறட்சி தாங்கும் பயிருக்கு அதில் வழி கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

*

வன்னி. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறது. ராஜஸ்தானில் அதற்குப் பெயர் கேஜ்ரி. 1983 முதல் மாநில மரம். தார் பாலையில் சித்திரை, வைகாசி வெயிலில் மற்றதெல்லாம் காய்ந்து நிற்கும்போது இது புது இலை விடுகிறது. ஆழத்து நீரை வேர் தொட்டிருப்பதால் முடிகிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். பிஞ்சுக்காய் சாங்கிரி, காயவைத்து ஆண்டு முழுக்கச் சமைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று பிழைத்திருக்கிறார்கள். அதன் அடியில் விதைத்த கம்பு திறந்த வெளியில் விதைத்ததைவிட நன்றாக வரும். ஆகவே உழவர்கள் வயலுக்கு நடுவிலேயே மரத்தை விட்டுவைப்பார்கள். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், அரண்மனை வேலைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தபோது அவ்வூரின் அம்ரிதா தேவியும் பிஷ்னோய் சமூகத்து மக்களும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். 363 பேர் வெட்டுப்பட்டார்கள்.

இப்போது மேற்கு ராஜஸ்தானில் சூரிய மின்பண்ணைகளுக்காக வன்னி வெட்டப்படுகிறது. பிக்கானேர் பக்கத்து மக்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள். சூரிய மின்சாரம் வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஈடாகக் கன்று நடுவது என்ற ஏற்பாட்டில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. வன்னிக் கன்று மேலே மிக மெதுவாகத்தான் உயரும். தொடக்க ஆண்டுகளில் அது சம்பாதிக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு வேருக்குப் போகிறது. தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வளர்த்தால் அந்த வேரும் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டு இருந்துவிடும். பெரிய மரங்கள் வேர் இறக்கிய காலத்தில் நீர்மட்டம் இருந்த ஆழம் வேறு, ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு இருக்கும் ஆழம் வேறு. பழைய மரம் இறங்கி இறங்கிப் பின்தொடர்ந்தது. இன்று நடுகிற கன்று அந்தத் தூரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மரங்களை விட்டுவிட்டு நடுவில் தகடு பதிக்க முடியுமா என்பதைத் திட்டம் வரையும்போதே பார்க்க வேண்டும். வெட்டிய பிறகு பார்ப்பதற்கு எதுவும் இல்லை.